“ஒட்டுந்நில்லடா” என்று பதில் வராமல் பேட்சை மெயிலில் அனுப்புவது எப்படி

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு நான் அனுப்பிய முதல் பேட்சுக்கு, அதாவது புரோகிராம் கோடில் செய்த ஒரு திருத்தத்துக்கு, வந்த பதில் ஒரே வரி. ஒட்டவில்லை. எந்த வரியில் ஒட்டவில்லை, ஏன் ஒட்டவில்லை, ஒரு விளக்கமும் கிடையாது. சரி, அந்தப் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அதே மெயிலைப் புனலூரில் இருக்கும் நண்பனுக்கும் அனுப்பினேன். அவன் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு போனில் மலையாளத்தில் சொன்னான்: “ஒட்டுந்நில்லடா.” ஒட்டு என்ற சொல் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். இரண்டு மொழியிலும் ஒட்டவில்லை என்று உறுதியான பிறகு, தப்பு என் மேல்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

கதை இதுதான். கொல்லத்துப் பக்கமிருந்து புளியரை வழியாக உறைய வைத்த மீன் ஏற்றி வரும் வண்டிக்காரர் ஒருவருக்கு, பெட்டிக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன சாதனம் செய்து கொடுத்தேன். உள்ளே லினக்ஸ் ஓடும் போர்டு, ஒரு வெப்பநிலை சென்சார், ஒரு திரை. செங்கோட்டையில் என் மேசையில் இருந்தவரை 31, 32 என்று ஒழுங்காகத்தான் காட்டியது. வண்டியில் மாட்டியதும் மைனஸ் 18 காட்ட வேண்டிய இடத்தில் 65518 டிகிரி என்றது. சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5500 டிகிரிதான். காரணம் எளிது: சென்சார் தருவது குறியுள்ள, அதாவது மைனஸும் வரக்கூடிய, 16 பிட் எண், கெர்னலில் சென்சாரை வாசிக்கும் டிரைவர் என்ற புரோகிராம் அதைக் குறியில்லாத எண்ணாக வாசிக்கிறது, அதனால் பூஜ்யத்துக்குக் கீழே போனால் 65536-லிருந்து கழித்த கணக்கு வந்து நிற்கிறது. நம்மூர் வெயிலில் சோதித்தால் ஜென்மத்துக்கும் தெரியாத பிழை. திருத்தம் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பப் போய்த்தான் இதெல்லாம் கற்றுக்கொண்டேன்.

இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், டெர்மினலில் நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், மெயிலில் போவது என்ன என்று தெரிய வேண்டும். பேட்ச் என்பது பழைய கோடுக்கும் புதிய கோடுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். கழித்த வரிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி, மேலேயும் கீழேயும் மாறாத மூன்று மூன்று வரிகள். இந்த மாறாத வரிகளை வைத்துத்தான் எதிர்முனையில் இருக்கும் கிட் (கோடில் வரும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் புரோகிராம்) “எங்கே ஒட்டுவது” என்று இடம் கண்டுபிடிக்கிறது. அதில் ஒரு டேப் நான்கு ஸ்பேஸாக மாறியிருந்தாலும் இடம் கிடைக்காது. இந்த வித்தியாசத்தை எடுத்துத் தரும் டிஃப் புரோகிராம் 1970-களிலேயே யூனிக்ஸில் வந்துவிட்டது, அதை வாங்கி ஒட்டும் பேட்ச் புரோகிராமை லாரி வால் 1985-ல் எழுதினார், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுத ஆரம்பித்தது 2005 ஏப்ரலில். அதாவது மெயிலில் பேட்ச் அனுப்பும் பழக்கம் கிட்டை விட மூத்தது, கிட்டே இந்தப் பழக்கத்துக்கு வசதியாகத்தான் செய்யப்பட்டது.

என் மெயில் ஏன் ஒட்டவில்லை என்றால், ஜிமெயிலை பிரவுசரில் திறந்து, டிஃப்பை காப்பி செய்து, ஒட்டி, அனுப்பிவிட்டேன். அது டேப்பையெல்லாம் ஸ்பேஸாக்கிவிட்டது, நீள வரிகளை 78 எழுத்துக்குப் பக்கத்தில் மடித்தும் விட்டது. கெர்னலில் உள்தள்ளல் எல்லாம் டேப், ஒரு டேப் எட்டு எழுத்து அகலம். கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது, அதுதான் வினை. போனில் இருந்து அனுப்புவது இன்னும் மோசம், எச்டிஎம்எல் ஆகப் போகும், கெர்னலின் மெயில் குழு முகவரிகள் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே முதல் விதி: பேட்சைக் கையால் காப்பி செய்து ஒட்டாதீர்கள், எந்த மெயில் செயலியிலும் வேண்டாம். கிட்டே அனுப்பட்டும்.

அதற்கு கிட் செண்ட்-ஈமெயில் வேண்டும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாவற்றிலும் இது கிட்டுடன் சேர்ந்து வராது, கிட்-ஈமெயில் என்று தனிப் பேக்கேஜ், அதை நிறுவிக்கொள்ளுங்கள். ஜிமெயில் என்றால் கிட் கான்ஃபிக்கில் செண்ட்ஈமெயில் பகுதியில் சர்வர் எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம், போர்ட் 587, என்கிரிப்ஷன் டிஎல்எஸ், யூசர் உங்கள் முகவரி. பாஸ்வேர்டுதான் பலர் தட்டுத்தடுமாறும் இடம். உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு இங்கே வேலை செய்யாது. கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, ஆப் பாஸ்வேர்டு என்று 16 எழுத்தில் ஒன்று வாங்க வேண்டும். அதை புரோஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் எந்த ஃபைலிலும் எழுதி வைக்காதீர்கள், என்றாவது ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் அதையும் சேர்த்து கமிட் செய்வீர்கள், அதாவது கிட்டில் பதிந்துவிடுவீர்கள்.

யூசர் நேம் விஷயத்தையும் இப்போதே முடித்துவிடலாம். நம்மூரில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ரேஷன் கார்டில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று இருக்கும். கிட்டில் ஒரே வடிவத்தை எடுத்து அதிலேயே நில்லுங்கள், ஏனென்றால் கமிட்டில் இருக்கும் பெயரும் கீழே வரும் கையெழுத்து வரியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் பெயர் வைத்தாலும் கிட் ஏற்கும், மெயில் தலைப்பில் அது சங்கேதமாக மாறிப் போய் மறுமுனையில் சரியாகவே திரும்ப வரும். ஆனால் படிப்பவர் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று திணறுவார், அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி முக்கியமான வேலை, கமிட்டைப் பிரிப்பது. இதைத்தான் நான் அதிக நேரம் பேசப்போகிறேன்.

பாவூர்ச்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகும் காய்கறி லோடு ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தக்காளி தனிப் பெட்டி, மிளகாய் தனி மூட்டை, சின்ன வெங்காயம் தனி. ஒரே மூட்டையில் தக்காளியையும் வெங்காயத்தையும் கொட்டிக் கட்டினால் அந்தப் பக்கம் வாங்குகிறவர் பிரித்துப் பார்த்துக்கொண்டா இருப்பார்? அப்படியே திருப்பிவிடுவார். நான் அதைத்தான் செய்திருந்தேன். குறியுள்ள எண்ணாக மாற்றும் ஒரு வரிக்குப் பக்கத்திலேயே ஒரு மாறியின் பெயர் பிடிக்கவில்லை என்று மாற்றினேன், வரிக் கடைசியில் தேவையில்லாமல் இருந்த ஸ்பேஸ்களை நீக்கினேன், ஒரு கமெண்ட்டில் எழுத்துப்பிழை திருத்தினேன். எல்லாம் சேர்ந்து நாற்பது வரி. அந்த நாற்பதில் உண்மையான திருத்தம் எது என்று படிப்பவர் தேட வேண்டும். பிற்பாடு ஏதாவது உடைந்து அந்த ஒரு கமிட்டைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தால் நல்லதும் சேர்ந்து போய்விடும்.

பிரிப்பதற்கு கிட் ஆட் -பி. ஃபைலில் நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் துண்டு துண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கவா என்று கேட்கும். ஒய் என்றால் சேர், என் என்றால் விடு, எஸ் என்றால் இதை இன்னும் சின்னதாகப் பிரி. திருத்தத்தை மட்டும் எடுத்து ஒரு கமிட், பெயர் மாற்றம் இன்னொரு கமிட், ஸ்பேஸ் சமாச்சாரம் மூன்றாவது. பிழைத்திருத்தம் எப்போதும் முதலில் வரட்டும், அலங்காரம் பின்னால், ஏனென்றால் பழைய வெர்ஷன்களுக்கு எடுத்துப் போவது திருத்தத்தை மட்டும்தான், அது மற்ற இரண்டின் மேல் சாய்ந்து நிற்கக்கூடாது. ஏற்கனவே குழப்பமாக கமிட் செய்துவிட்டீர்கள் என்றால் கிட் ரீபேஸ் என்பதோடு -ஐ (ஆங்கில எழுத்து ஐ) போட்டு வரிசை மாற்றலாம், சேர்க்கலாம், உடைக்கலாம். அப்புறம், ஒவ்வொரு கமிட்டும் தனித்தனியாக கம்பைல் ஆக வேண்டும். மூன்றாவதைப் போட்டால்தான் இரண்டாவது கம்பைல் ஆகும் என்பது ஏற்பாடு இல்லை. கிட் ரீபேஸ் -எக்ஸ் என்று கொடுத்து மேக் கட்டளையைச் சேர்த்தால் ஒவ்வொரு கமிட்டிலும் நின்று கம்பைல் செய்து பார்க்கும், டீ குடித்துவிட்டு வரலாம். கெர்னல் என்றால் சாப்பிட்டே வரலாம்.

இதற்கு முன்பே ஒன்று: எந்த மரத்தின் மேல், அதாவது கெர்னல் கோடின் எந்தப் பிரதியின் மேல், வேலை செய்கிறீர்கள் என்று பாருங்கள். போர்டுக்காரர் கொடுத்த பழைய கெர்னலில் திருத்திவிட்டு அதையே அனுப்பினால் ஒட்டாது. அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னரின் மரத்தை எடுத்து, அதன் புதிய நிலையில் ஒரு பிராஞ்ச் (உங்கள் வேலைக்கென்று தனிக் கிளை) போட்டு, அங்கே பிழை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முன்பே யாரோ சரிசெய்திருப்பார்கள், நமக்கு வேலை மிச்சம்.

கமிட் செய்தி. தலைப்பு வரியில் முதலில் பகுதியின் பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு என்ன செய்கிறது என்று சுருக்கமாக, 70–75 எழுத்துக்குள். அந்தப் பகுதியில் மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று கிட் லாக் போட்டு ஒரு இருபது தலைப்பைப் படித்தாலே போதும், பிடிபட்டுவிடும். வினை ஏவலாக இருக்க வேண்டும்: மாற்று, சேர், நீக்கு. மாற்றினேன், மாற்றப்பட்டுள்ளது எல்லாம் வேண்டாம். பிறகு ஒரு வெற்று வரி, பிறகு விளக்கம், வரிக்கு 75 எழுத்தில் நீங்களே மடித்து எழுதுங்கள். எழுதுவது ஆங்கிலத்தில்தான், ஆனால் நான் முதலில் தமிழில் யோசித்து எழுதிப் பார்ப்பேன். என் விளக்கம் கடைசியில் இப்படி நின்றது: “சென்சார் தருவது குறியுள்ள 16 பிட் எண். டிரைவர் அதைக் குறியில்லாததாக எடுத்துக்கொள்வதால் மைனஸ் 18 டிகிரி 65518 டிகிரி என்று தெரிகிறது. குறியுள்ள வகைக்கு மாற்று.” மூன்று வாக்கியம். என்ன நடக்கிறது, யாருக்கு எப்படித் தெரிகிறது, என்ன செய்ய வேண்டும். முதல் தடவை நான் எழுதியது “பிழை திருத்தம்” என்ற இரண்டே சொல். அதைப் படித்து ஒருவர் என்னத்தைப் புரிந்துகொள்வது?

பிழைத்திருத்தம் என்றால் கீழே ஃபிக்ஸஸ் என்று ஒரு வரி: பிழை எந்த கமிட்டில் நுழைந்ததோ அதன் ஹேஷில் (கிட் தரும் அடையாள எண்) முதல் 12 எழுத்து, அடைப்புக்குறிக்குள் அதன் தலைப்பு. கிட் பிளேம் போட்டால் அந்தக் கமிட் கிடைத்துவிடும். அதன் கீழே சைண்ட்-ஆஃப்-பை வரி, அதை கிட் கமிட் -எஸ் தானாகப் போட்டுவிடும். இது சும்மா கையெழுத்து இல்லை. இந்தக் கோடை நானே எழுதினேன், அல்லது தர எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி. லினக்ஸில் யாருடைய கோடு எங்கிருந்து வந்தது என்று எஸ்சிஓ நிறுவனம் 2003-ல் ஐபிஎம் மேல் வழக்குப் போட்ட பிறகு, 2004-ல் வந்த ஏற்பாடு. கம்பெனி நேரத்தில் எழுதிய கோடாக இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது ஃபைல் எடுக்கலாம். கடைசி மூன்று கமிட் என்றால் கிட் ஃபார்மேட்-பேட்ச் -3, அதோடு -ஓ போட்டு ஒரு ஃபோல்டர் பெயர். 0001, 0002, 0003 என்று தொடங்கும் மூன்று ஃபைல் விழும். ஒன்றைத் திறந்து பாருங்கள், அது முழுக்க ஒரு மெயில்தான்: யாரிடமிருந்து, தேதி, தலைப்பு, விளக்கம், --- என்று மூன்று சின்னக் கோடு, டிஃப். முதல் வரியில் மட்டும் 2001 செப்டம்பர் 17 திங்கட்கிழமை என்று ஒரு தேதி இருக்கும், பயந்துவிடாதீர்கள். உலகத்தில் யார் எந்தக் கமிட்டில் எடுத்தாலும் அங்கே அதே தேதிதான், இது ஃபார்மேட்-பேட்ச் போட்ட ஃபைல் என்று மற்ற புரோகிராம்கள் அடையாளம் காண வைத்த முத்திரை அது. நான் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் கடிகாரத்தை நோண்டினேன்.

ஒன்றுக்கு மேல் பேட்ச் இருந்தால் --கவர்-லெட்டர் சேருங்கள், மொத்த வரிசைக்கும் முன்னுரையாக 0000 என்று ஒரு ஃபைல் வரும். அதில் தலைப்புக்கும் விளக்கத்துக்கும் இடம் விட்டிருக்கும், அதை நிரப்பாமல் அப்படியே அனுப்பினவர்களும் உண்டு. ஒற்றைப் பேட்சுக்கு இது தேவையில்லை. நான் என் கவர் லெட்டரை செங்கோட்டை–புனலூர் ரயிலில் எழுதினேன். ஆரியங்காவு தாண்டி பதிமூன்று கண் பாலம் வரும்வரை சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு நெட்டே வேண்டாம். கமிட், பிரிப்பது, ஃபைல் எடுப்பது எல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது, கடைசியில் அனுப்பும் அரை நிமிடத்துக்கு மட்டும் சிக்னல் இருந்தால் போதும். குற்றாலம் சீசனில் சாரலோடு கரண்டும் போகும் ஊரில் இது பெரிய நிம்மதி.

அந்த மூன்று கோடு பற்றி ஒரு வார்த்தை. கோட்டுக்கு மேலே எழுதுவது வரலாற்றில் நிரந்தரமாக இருக்கும். கோட்டுக்குக் கீழே, டிஃப் ஆரம்பிப்பதற்கு முன், என்ன எழுதினாலும் ஒட்டும்போது கழன்று விழுந்துவிடும். “எந்தப் போர்டில் சோதித்தேன்”, “போன தடவைக்கும் இதற்கும் என்ன மாற்றம்” போன்ற பேச்சுக்கெல்லாம் அதுதான் இடம்.

அனுப்புவதற்கு முன் கெர்னலில் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் செக்பேட்ச்சை ஓட்டுங்கள். வரி நீளம், டேப், விட்டுப்போன கையெழுத்து எல்லாம் சொல்லும். எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் பணிய வேண்டியதில்லை, ஆனால் பிழை என்று சொன்னால் கேளுங்கள். அதே ஃபோல்டரில் கெட்-மெயின்டெய்னர் இருக்கிறது, பேட்சைக் கொடுத்தால் யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று முகவரி தரும். மெயின்டெய்னர் டூ-வில், மற்றவர்கள் சிசியில். லினஸுக்கு நேராக அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம்.

இனி வருவதுதான் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத படி. முதலில் உங்களுக்கே அனுப்புங்கள். கிட் செண்ட்-ஈமெயில், --டூ-வில் உங்கள் சொந்த முகவரி, பேட்ச் ஃபைல்கள். --சப்ரஸ்-சிசி=ஆல் என்பதையும் மறக்காமல் சேருங்கள், இல்லாவிட்டால் கமிட்டில் பெயர் இருக்கும் மற்றவர்களுக்கும் சோதனை மெயில் போய் மானம் போகும். வந்த மெயிலை மூல வடிவத்தில் டவுன்லோடு செய்யுங்கள், ஜிமெயிலில் ஷோ ஒரிஜினல் என்று இருக்கும். பிறகு சுத்தமான ஒரு புதிய பிராஞ்சில் நின்று மெயிலில் வந்த பேட்சை ஒட்டும் கிட் ஏ-எம் போட்டு அந்த ஃபைலைக் கொடுங்கள். ஒட்டிவிட்டதா? அடுத்து கிட் டிஃப் போட்டு உங்கள் மூல பிராஞ்சுடன் ஒப்பிடுங்கள், ஒரு எழுத்துகூட வித்தியாசம் காட்டக்கூடாது. நான் ஒரு படி மேலே போய்ப் புனலூருக்கும் அனுப்புவேன். அவன் “ஒட்டி” என்று ஒரு சொல்லில் பதில் போட்டால்தான் எனக்குத் தூக்கம்.

உண்மையான அனுப்புதலுக்கு முன் --டிரை-ரன் ஒரு தடவை. யாருக்கு, எந்தத் தலைப்பில், எத்தனை மெயில் என்று காட்டும், எதுவும் போகாது. எண்ணிக்கையை எண்ணுங்கள். பழைய ஃபைல்கள் அதே ஃபோல்டரில் கிடந்தால் அவையும் சேர்ந்து போகும், ஒருமுறை நான் முதல் வெர்ஷனையும் இரண்டாவது வெர்ஷனையும் ஒன்றாக அனுப்பிவிட்டு அசடு வழிந்தேன். அனுப்பின மெயிலைத் திரும்ப வாங்க வழியே கிடையாது.

அனுப்பியாயிற்று. இனி காத்திருங்கள். குறைந்தது ஒரு வாரம் வாயைத் திறக்காதீர்கள். புது வெர்ஷனுக்குக் கோடு சேர்க்கும் இரண்டு வார மெர்ஜ் விண்டோ நடக்கும் நேரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள், எல்லாரும் அதில் மூழ்கியிருப்பார்கள். பதில் வந்தால் ரிப்ளை-ஆல், எச்டிஎம்எல் இல்லாமல், அவர் கேட்ட வரிக்கு நேர் கீழே உங்கள் பதில், தேவையில்லாத மிச்சத்தை வெட்டிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு “சரி சார்” போட்டு முழு மெயிலையும் கீழே தொங்கவிடும் ஆபீஸ் பழக்கம் இங்கே எரிச்சலூட்டும். கேள்வி சூடாகவே இருக்கும், அது கோடைப் பற்றியது, உங்களைப் பற்றியது இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் காரணத்தோடு சொல்லுங்கள், பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

திருத்தம் கேட்டால் புதிதாக இன்னொரு கமிட் மேலே வைக்கக்கூடாது. பழைய கமிட்டையே ரீபேஸில் திருத்தி, ஃபார்மேட்-பேட்ச்சில் -வி2 சேர்த்து முழு வரிசையையும் மறுபடி அனுப்ப வேண்டும். தலைப்பில் பேட்ச் வி2 என்று தானாக வரும். மூன்று கோட்டுக்குக் கீழே என்ன மாறியது என்று இரண்டு வரி, யாராவது ரிவ்யூட்-பை (படித்துப் பார்த்தேன், சரி என்று தரும் வரி) கொடுத்திருந்தால் அதையும் கமிட் செய்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் இன்னொரு தடவை தரமாட்டார். இன்றைக்கு மூன்று பேர் கருத்து சொன்னார்கள் என்று அன்று இரவே மூன்று வெர்ஷன் அனுப்பாதீர்கள், இரண்டு நாள் விட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக.

எனக்கு வி3-ல் ஒட்டியது. அப்ளைட் என்று ஒரு சொல், கீழே நன்றி. மீன் வண்டியில் இருந்த பெட்டியை நான் அதற்கு எத்தனையோ வாரம் முன்பே கையால் திருத்திக் கொடுத்திருந்தேன், ஆனாலும் புளியரையில் டீக்கடையில் வண்டிக்காரரைப் பார்த்தபோது செய்தியைச் சொன்னேன். அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “ஒரு மைனஸ் போடுறதுக்கா தம்பி இத்தனை நாளு?”